பூவின் அரூபப் படங்கள்: கோளாறு வாரியாகத் திருத்தம்

கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுப்பது, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல படங்களைப் பதிப்பது, ஃபோகஸைக் கலைத்துவிட்டு நிறத்தை மட்டும் பிடிப்பது என்று பூவையும் செடியையும் தண்ணீரையும் அரூபமாக, அதாவது உருவம் கலைந்து நிறமும் ஓட்டமும் மட்டும் நிற்கும்படி, எடுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நான் வடசென்னைத் தண்டையார்பேட்டைக்காரன். ஞாயிறு காலைகளில் எண்ணூர் முதல் பூக்கடை வரை அலைந்து எடுத்ததில் எனக்கு வந்த கோளாறுகளையும், என்னிடம் படத்தைக் காட்டிக் கேட்ட தம்பி தங்கைகளுக்கு வந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். போவதற்கு முன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பூவில் எதை மிச்சம் வைக்கப் போகிறீர்கள்? நிறத்தையா, கொடி ஓடும் ஓட்டத்தையா, அதை ஆட்டும் காற்றையா? கீழே உள்ள பாதிக் கோளாறுகள் இந்தப் பதில் இல்லாததால் வருபவை.

பகலில் எடுத்தால் படம் முழுக்க வெளுத்துப்போகிறது

அசைவு பதிய, ஒளியை உள்ளே விடும் ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்திருக்க வேண்டும். நம் ஊர் வெயில் அதற்கு இடம் கொடுக்காது. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) 16 என்று வைத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/100 நொடி. எஃப் 22 வைத்தால் 1/50. உங்களுக்கு வேண்டியதோ கால் நொடி. ஆகவே ஒளியைக் குறைத்தாக வேண்டும். லென்ஸின் முன் மாட்டும் கருங்கண்ணாடியான என்.டி. 8 ஃபில்டர் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறைத்து 1/50ஐ 1/6 ஆக்கும், என்.டி. 16 நான்கு ஸ்டாப் குறைத்து 1/3 ஆக்கும். கையில் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசர் மட்டும் இருந்தால் அதுவே ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை குறைக்கும். இலையின் மேல் அடிக்கும் வெள்ளைப் பளபளப்பையும் எடுத்துவிடும் என்பதால் பச்சை ஆழமாக வரும். முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டால் நான் போலரைசரைத்தான் சொல்வேன்.

செலவில்லாத வழி, நேரத்தை மாற்றுவது. சூரியன் எழுவதற்குச் சற்று முன் எஃப் 11இல் அரை நொடி தானாகவே கிடைக்கும். மே கடைசியில் சென்னையில் 5.45க்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜனவரி கடைசியில் 6.30 தாண்டித்தான் வரும். அலாரம் வைக்கும்போது இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

அசைத்துத்தான் எடுத்தேன், ஆனால் கை நடுங்கிய படம்போல் இருக்கிறது

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். இதற்கு ஒன்றல்ல, நான்கைந்து காரணங்கள் உண்டு. வரிசையாகச் சோதியுங்கள்.

முதலில் ஷட்டர் வேகம். 1/60, 1/30 போன்றவை இரண்டுங்கெட்டான் வேகங்கள். தெளிவும் இருக்காது, இழுப்பும் இருக்காது. பார்ப்பவருக்குத் தவறு என்றே படும். 1/8 முதல் அரை நொடி வரை போங்கள். அடுத்து, லென்ஸிலோ கேமராவிலோ உள்ள நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது எதிர்ப் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். கோடுகளின் முனையில் சின்னக் கொக்கிபோல் ஒரு வளைவு தெரிந்தால் பெரும்பாலும் அதன் வேலை.

மூன்றாவது, எப்போது அழுத்துகிறீர்கள் என்பது. பலர் பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு கையை நகர்த்துகிறார்கள். கை தயங்கித் தயங்கிக் கிளம்புவது அப்படியே பதிகிறது. கையை முதலில் ஓடவிடுங்கள், ஓட்டத்தின் நடுவில் அழுத்துங்கள், ஷட்டர் மூடிய சத்தம் கேட்ட பிறகும் நிறுத்தாதீர்கள். கிணற்றில் கயிறு இழுப்பதுபோல் ஒரே சீராக இருக்க வேண்டும். இடுப்பிலிருந்து திரும்பினால் சீர் கிடைக்கும். மணிக்கட்டால் இழுத்தால் கிடைக்காது.

நான்காவதுதான் மிக முக்கியம். இழுக்கும் திசை செடியின் திசையோடு சேர வேண்டும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூரில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் மணல்மேல் அடம்பு படர்ந்திருக்கும். பழைய நெய்தல் பாடல்களில் அடும்பு என்று வரும் அதே கொடி. இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்புபோல் இருக்கும். பூ ஒரு சின்னப் புனல். விளிம்பில் வெளிறிய ஊதா, உள்ளே போகப் போக அடர்ந்து, தொண்டையில் கிட்டத்தட்ட ஒயின் நிறம். காலையில் விரிந்து, வெயில் ஏறிய பின் சுருங்கிவிடும். இந்தப் பூவை நான் பல வாரங்கள் மேலிருந்து கீழாக இழுத்து எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் ஊதாவை மணலின் பழுப்பு குறுக்கே வெட்டிச் சேறாக்கியது. ஒருநாள் காலை கேமராவை மூடி வைத்துவிட்டுக் கொடியை விரலால் தொட்டுக்கொண்டே நடந்து பார்த்தேன். கணுவுக்குக் கணு வேர் இறக்கி, கரைக்கு இணையாக, மணலை விட்டு எழாமல் ஓடுகிறது. அதன் பிறகு இடமிருந்து வலமாக, கொடி போகும் பக்கமே இழுத்தேன். ஊதா ஒரு நீண்ட கோடாக நின்றது. பச்சை அதன் கீழே ஒட்டிக்கொண்டது. மணல் அடியில் தனிப் பட்டையாகப் பிரிந்தது. பனை, மூங்கில், நாணல் என்றால் மேலும் கீழும். கொடி, அலை என்றால் பக்கவாட்டில். சூரியகாந்தி, செவ்வந்தி போன்ற வட்டப் பூ என்றால் பூவின் நடுவை அச்சாக வைத்து கேமராவை மெல்லத் திருப்புங்கள்.

இதெல்லாம் செய்தும் பூவே இல்லாமல் வெறும் நிறக் கலங்கல் மட்டும் வந்தால், முதலில் நிறுத்தி, பிறகு இழுங்கள். அரை நொடி ஷட்டர் என்றால் அதில் முதல் பாதி கேமரா அசையாமல் இருக்கட்டும். இரண்டாம் பாதியில் நகரட்டும். பூவின் உருவம் மெலிதாக அமர்ந்து, அதிலிருந்து நிறம் வழியும். ஆஸ்திரியாவில் பிறந்த எர்ன்ஸ்ட் ஹாஸ் 1950களில் காளைச் சண்டையை மெதுவான ஷட்டரில் எடுத்த வண்ணப் படங்களைத் தேடிப் பாருங்கள். எவ்வளவு கலைந்தாலும் காளையின் முதுகு வளைவு கண்ணில் நிற்கும்.

அதே மின்சார ரயிலின் ஜன்னலும் ஒரு நல்ல கருவி. எண்ணூருக்கு அப்பால் கழிமுகத்தைக் கடக்கும்போது 1/15 நொடியில் எடுத்தால் அருகில் உள்ள புதர் முழுதும் கோடாகிவிடும், தொலைவில் உள்ள மின்கோபுரம் ஓரளவு உருவத்தோடு நிற்கும். அருகில் உள்ளது வேகமாக ஓடும், தொலைவில் உள்ளது மெல்ல நகரும் என்பதால் வரும் பயன் இது. கேமராவும் கையும் ஜன்னல் கம்பிக்கு உள்ளேயே இருக்கட்டும். வாசலில் தொங்கிக்கொண்டு எடுக்கவே எடுக்காதீர்கள்.

மொபைலை எவ்வளவு ஆட்டினாலும் படம் தெளிவாகவே வருகிறது

மொபைல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இரவுப் பயன்முறையில் அது பல படங்களை வேகமாக எடுத்து, நகர்ந்ததை எல்லாம் நேராக்கி ஒட்டிவிடும். நீங்கள் போட்ட அசைவைத்தான் அது குறை என்று நினைத்து நீக்குகிறது. புரோ பயன்முறைக்குப் போய் ஐ.எஸ்.ஓ.வை மிகக் குறைந்த அளவில் வைத்து, ஷட்டரை 1/8 அல்லது 1/4 என்று நீங்களே அமையுங்கள். பெரும்பாலான மொபைல்களில் துவாரத்தின் அளவை மாற்ற முடியாது; ஆகவே பகலில் வெளுக்கும். கருப்புக் கண்ணாடி ஒன்றை லென்ஸின் முன் ஒட்டினாற்போல் பிடித்தால் ஓரளவு சமாளிக்கலாம். அதைவிட, மொபைல் வைத்திருப்பவர்களுக்கு விடியலும் அந்தியும்தான் நல்ல நேரம்.

சிவப்புப் பூ சிவப்புக் களிம்பாக வருகிறது

செம்பருத்தி, கோழிக்கொண்டை, சிவப்பு அரளி. மூன்றிலும் இதே தொல்லை. இதழின் நரம்பும் மடிப்பும் காணாமல் போய், காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் ஒரு சிவப்புத் திட்டு மட்டும் மிஞ்சும். கேமரா வெளிச்சத்தை அளக்கும்போது பச்சைக்குத்தான் அதிக மதிப்பு கொடுக்கிறது. பொதுவான ஹிஸ்டோகிராமில் (படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில்) எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும்போதே சிவப்புத் தடம் நிரம்பி வழிந்திருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது சுவரில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியை, குறையுங்கள். ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டி வரும். சில சமயம் ஒன்றரை. ரா கோப்பாக (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பாக) எடுங்கள். நிற அமைப்பில் பளிச்சென்ற வகையை விட்டு நடுநிலையானதைத் தேர்ந்தெடுங்கள்.

நேர் வெயிலில் கோழிக்கொண்டையை எடுக்க வேண்டாம் என்பது என் அனுபவம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்கும் நாட்களில் எடுங்கள். அந்த வெளிச்சத்தில் அதன் கொண்டை மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அசைத்து இழுக்கும்போது சிவப்புக்குள்ளேயே பல சிவப்புகள் பிரியும்.

பூக்கடையில் எடுத்த படத்தில் விளக்குகள் புள்ளி புள்ளியாக, அல்லது படம் முழுக்கப் பட்டை பட்டையாக

பாரிமுனை அருகே பத்ரியன் தெருப் பக்கம் அதிகாலையில் போனால் கூடைகளும் குவியல்களும் உங்களை விடாது. செவ்வந்தி மஞ்சள், சம்பங்கி வெள்ளை, மருவின் சாம்பல் பச்சை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) கிடைக்கும். ஆனால் மேலே எரிவது எல்.இ.டி. விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் தரம் குறைந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னும். கண்ணுக்குத் தெரியாது. கால் நொடி கேமராவை இழுத்தால் ஒவ்வொரு விளக்கும் 25 புள்ளிகளாகப் பதியும். ஓசையில்லாத மின்னணு ஷட்டரில் 1/500 போன்ற வேகத்தில் எடுத்தால் கறுப்புப் பட்டைகளாக விழும்.

பட்டைக்குத் திருத்தம் எளிது: இயந்திர ஷட்டருக்கு மாறி, 1/50 அல்லது 1/100 வையுங்கள். புள்ளிகளுக்கு விளக்கைச் சட்டத்துக்கு வெளியே விடுவதுதான் வழி. விளக்கு விழும் பூவை எடுங்கள், விளக்கை எடுக்காதீர்கள். நனைந்த கூடையின் விளிம்பு, எவர்சில்வர் தட்டு போன்றவை விளக்கைத் திருப்பிக் காட்டும், அவையும் புள்ளியிடும்.

இந்த இடத்தைப் பற்றி இன்னொன்று. பூக் கட்டும் ஓர் அக்காவின் கையை எடுக்க அனுமதி கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையசைத்தார். கால் நொடியில் எடுத்துக் காட்டியபோது, "தம்பி, கை நின்ற இடத்தில் எடுத்திருக்கிறாய். முடிச்சு விழும்போது எடு" என்றார். திரும்பக் கவனித்தேன். இரண்டு மல்லிகை இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரைச் சுற்றி ஒரு சுண்டு. அந்தச் சுண்டும்போதுதான் விரல் பாய்கிறது, பூக்கள் அசையாமல் இருக்கின்றன. அந்த நேரத்தில் கேமராவை நகர்த்தாமல் கால் நொடி திறந்து வைத்தால் போதும். மொட்டுகள் வெள்ளையாக உறைந்து நிற்க, விரல்கள் அவற்றின் மேல் புகைபோல் ஓடுகின்றன. கேமராவை அசைக்காமலே அரூபம் கிடைக்கும் என்பதை அங்கேதான் கற்றேன். கையை எடுத்தால் போதும்; முகத்தை எடுப்பதாக இருந்தால் மறுபடியும் கேளுங்கள். வியாபார நேரத்தில் வழியை மறிக்காதீர்கள்.

எல்லாம் அசைந்திருக்கிறது, சில கறுப்புப் புள்ளிகள் மட்டும் அசையவில்லை

சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில், தூசு. எஃப் 22 போன்ற சிறிய துவாரத்தில் தூசின் நிழல் கூர்மையாக விழும். சுற்றிலும் எல்லாம் கரைந்திருக்கும்போது அது இன்னும் குத்திக்கொண்டு தெரியும். வெறும் வானத்தை எஃப் 22இல் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள். எஃப் 22ஐ நம்பாமல் எஃப் 11உம் என்.டி. ஃபில்டரும் சேர்த்துப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே குறையும்.

ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்த படம் வெளுக்கிறது, அல்லது சோர்ந்து கிடக்கிறது

வெளுத்தால் கேமரா வெளிச்சங்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டும் முறையில் இரண்டு படத்துக்கு ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும், நான்குக்கு இரண்டு, எட்டுக்கு மூன்று. சராசரி முறை இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். கேமராவில் இந்த வசதியே இல்லாவிட்டால் கணினியில் அடுக்குகளாக வைத்து, கீழிருந்து மேலாக 100, 50, 33, 25 விழுக்காடு என்று அடர்த்தி (ஒபாசிட்டி) கொடுங்கள். எல்லாப் படமும் சம பங்கு பெறும்.

சோர்ந்து கிடந்தால், பின்னணி குற்றவாளி. நடுத்தர வெளிச்சம் உள்ள பின்னணியின்மேல் நடுத்தர வெளிச்சம் உள்ள பூவை நான்கு முறை வைத்தால் சாம்பல்தான் மிஞ்சும். இருட்டுப் பின்னணி தேடுங்கள்; சாக்கு, நிழல் விழுந்த சுவர், தார்ப்பாய் எதுவும் போதும். இருட்டு இருக்கும் இடத்தில் அடுத்த படம் வந்து உட்காரும்.

இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்தது பூவரசு. எங்கள் தெருமுனையில் ஒரு மரம் இருக்கிறது. காலையில் பூ எலுமிச்சை மஞ்சள், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. வாடும்போது இதழ் முழுதும் சிவந்துவிடும். கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒரே பூவைக் காலை, நண்பகல், அந்தி என்று மூன்று முறை எடுத்துச் சேர்த்தேன். மஞ்சளும் சிவப்பும் ஒரே இதழில் நின்றன. நண்பகல் படம் மட்டும் ஒவ்வொரு முறையும் தப்பிவிடும், ஏனென்றால் கோடையில் பெரும்பாலும் அந்த நேரத்தை ஒட்டித்தான் கடற்காற்று உள்ளே வருகிறது, பூ நிற்காது. இப்போது பதினொரு மணிக்கே இரண்டாவது படத்தை எடுத்துவிடுகிறேன்.

கடற்கரைக்குப் போன உடன் எல்லாப் படமும் பனி மூடியது போல்

குளிரூட்டிய அறையிலிருந்து நேராகக் கொண்டுபோன கேமராவில் ஈரம் படிந்திருக்கிறது. மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்தே எடுத்துச் செல்லுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள். துடைத்தால் மறுபடியும் படியும். காசிமேட்டில் அலைத் துளி பட்டால் சட்டைத் துணியால் தேய்க்காதீர்கள். உப்பு மணி கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதி, பிறகு லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றுங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நம் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

படம் அழகாக இருக்கிறது. ஆனால் எங்கே எடுத்தது, எதை எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை

பெரும்பாலான படங்களுக்கு இது கோளாறே இல்லை. அடம்பு ஊதாக் கோடாகிவிட்டால் அது எந்தக் கரையின் அடம்பு என்று தெரிய வேண்டியதில்லை. ஆனால் வடசென்னையில் இது கோளாறாகும் இடங்கள் உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் அது. மீனும் இறாலும் நண்டும் அதில்தான். மீனவர்கள் கையாலேயே எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் போனேன். அலையாத்திச் செடிகளின் தண்டில், தண்ணீர் ஏறி நின்ற உயரத்தில், ஒரு கறுப்புக் கோடு. தண்ணீர்மேல் ஊதா, பச்சை, பொன் என்று படலம் விரிந்து விரிந்து மூடியது. ஃபோகஸைக் கலைத்து எடுத்தேன். நிறம் என்ற அளவில், நான் எடுத்தவற்றிலேயே நிறைவான படம் அதுதான்.

கரையில் வலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என்ன பூ, தம்பி?" என்று கேட்டார். அவருடைய ஆறு அது. எதிரிலேயே கிடந்தது. என் படத்தில் அவருக்கு அது தெரியவில்லை. "ஐயா, இந்தத் தண்ணீர்தான்" என்று சொன்னேன். அவர் மறுபடியும் ஒருமுறை திரையைப் பார்த்தார், பிறகு வலைக்குத் திரும்பிவிட்டார்.

இத்தகைய இடத்தில் நான் இப்போது பின்பற்றும் திருத்தம் மூன்று. அரூபப் படம் எடுத்த அதே இடத்தில், அதே நிமிடத்தில், தெளிவான ஃபோகஸில் ஒரு படம் எடுக்கிறேன். இரண்டையும் சேர்த்தே காட்டுகிறேன், பிரிப்பதில்லை. அரூபப் படத்துக்குள்ளேயே அந்த இடத்துக்கு உரிய ஒரு வடிவத்தைக் கலைக்காமல் விடுகிறேன்: அலையாத்தித் தண்டு, படகின் மூக்கு, மின்கோபுரத்தின் கால், ஏதாவது ஒன்று. மேலே சொன்ன முதலில் நிறுத்திப் பிறகு இழுக்கும் முறை இதற்கு உதவும். மூன்றாவது, படத்துக்குக் கவித்துவமான தலைப்பு வைப்பதில்லை. அன்று எடுத்த படத்தின் பெயரையும் மாற்றிவிட்டேன்: எண்ணூர் கழிமுகம், டிசம்பர் 2023, தண்ணீர்மேல் எண்ணெய்.